பொருத்துக: ஏஐ-க்கு நூற்றுக்கு நூறு, நமக்கு?

போன வாரம் எங்க வரலாற்று வகுப்பில் ஒரு புதுமை. நம்ம மாவட்டத்து வரலாற்று நபர்களையும் நிகழ்வுகளையும் இணைத்துத் தரச் சொல்லி ஏஐ-யிடம் கேட்க வேண்டும், வந்ததை சார்ட்டில் எழுத வேண்டும். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. எல்லாருக்கும் முழு மார்க். எல்லாரும் ஹேப்பி. எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல் :)

என் சார்ட்டில் விஜயாலய சோழனிலிருந்து ஒரு அம்புக்குறி கிளம்பி நார்த்தாமலை கோயிலில் போய் முடிந்தது. மக்களே, நார்த்தாமலை நம்ம குளத்தூர் தாலுகா! மேலமலையில் விஜயாலய சோழீஸ்வரம் என்று சொல்கிறோமே, அந்தக் கோயிலிலேயே கல்வெட்டு இருக்கிறது. சாத்தன் பூதி கட்டிய கற்றளி மழையில் சிதைந்துபோக, மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்தார் என்கிறது. விஜயாலயன் பெயர் பிற்காலக் கல்வெட்டில், கோயிலின் பெயராகத்தான் வருகிறது.

அதற்கு எதிரே பழியிலி ஈஸ்வரம் குடைவரை. நிருபதுங்க பல்லவனின் ஏழாம் ஆட்சியாண்டில் அதைக் குடைவித்தவர் சாத்தன் பழியிலி என்ற முத்தரையர். முன்மண்டபமும் நந்தியும் செய்து வைத்தது அவர் மகள் பழியிலி சிறிய நங்கை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் பெயர் கல்லில் நிற்கிறது. வகுப்பில் ஒருத்தர் சார்ட்டிலும் அந்தப் பெயர் இல்லை. ஏன்? அவரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அதிகம் எழுதப்பட்டதைத்தானே அது திருப்பிச் சொல்லும்?

"அடுத்த வெர்ஷனில் சரியாகிவிடும் மச்சி" என்றான் நண்பன். ஆகட்டும். அப்போதும் என் சண்டை தீராது. 'தொண்டைமான் – கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர்' என்று ஒரு அம்புக்குறி போட்டது. சரியான விடைதான். 1799-ல் பிடித்துக் கொடுத்தார்கள், அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கு. ஆனால் கர்நாடகப் போர்க் காலத்திலிருந்தே புதுக்கோட்டை ஏன் கும்பெனி பக்கம் நின்றது? வேறு வழி இருந்ததா, இல்லை லாபக் கணக்கா? டீக்கடையில் இன்றைக்கும் இதற்குக் குரல் உயர்கிறது. வகுப்பில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, விடைதான் வந்துவிட்டதே!

ஏஐ-யை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. 'பொருத்துக' என்று கேள்வித்தாளில் கோடு போடவைத்தே நம்மை வளர்த்தார்கள். அதே கோட்டை இப்போது மெஷின் போடுகிறது, அவ்வளவுதான். இன்னார் இதைச் செய்தார் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதுதான் வரலாற்றுப் பாடமே. அதை மெஷினிடம் கொடுப்பது, எனக்குப் பசிக்கிறது, நீ சாப்பிடு என்பது மாதிரி.

வகுப்பில் ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை (ஆட்டோ அனுப்பாதீங்க). அது போடும் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் 'எந்தக் கல்வெட்டு, எந்த ஆவணம்?' என்று கேட்டு, அதைத் தேடிப் பார்த்து வருகிறவனுக்கு மார்க் போடுங்கள். தப்பைக் கண்டுபிடித்தால் கூடுதல் மார்க்.

வர்ற ஞாயிறு காலை ஆறு மணிக்கு கீரனூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நார்த்தாமலை கிளம்புகிறோம். வருபவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தண்ணீர் எடுத்து வாங்க, வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது.