மலையக இளைஞரின் எதிர்கால நோக்கு: பண்பாட்டுச் சிதைவா, உரிமைக் குரலா?

மலையக இளைஞர் தோட்டங்களை விட்டோடுகின்றனர். அதனால் அவர்தம் பண்பாடு சிதைகின்றது என்னும் புலம்பல் மேடைகளிலும் ஆய்வரங்குகளிலும் ஓங்கி ஒலிக்கின்றது. காமன் கூத்தாட ஆளில்லை. அருச்சுனன் தபசிற்கு மரமேற ஆளில்லை. தப்படிக்க இளைஞர் நாணுகின்றனர். கொழும்புப் புடவைக்கடையில் நிற்பவன் ஊர்த்திருவிழாவை மறந்துவிட்டான். குற்றப்பட்டியல் இவ்வாறு நீள்கின்றது. இதனை வாசிப்போருட் பலர் ஒருநாளேனும் லயன் அறையில் வாழ்ந்தவரல்லர். அது ஒருபுறமிருக்க, பண்பாடு என்பதனையே அவர்கள் பிழையாக விளங்கிக்கொண்டுள்ளனர் என்பதே இங்கு முதன்மையானது.

தொழிலாளர் பற்றாக்குறை எனத் தோட்ட நிருவாகம் வருந்துகின்றது. பண்பாட்டுச் சிதைவு என அறிஞர் வருந்துகின்றனர். நோக்கங்கள் வேறாயினும் முடிவு ஒன்றே: அவன் அங்கேயே இருத்தல் வேண்டும். அங்கே அவனுக்கு என்ன இருக்கின்றது என்ற வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை.

இம்மக்களின் எதிர்காலத்தை ஏனையோரே தீர்மானித்து வந்தனர் என்பது வரலாறு. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் விருப்பங் கேட்கவில்லை. நாடற்றவர் பிரச்சினைக்கு ஈற்றில் முடிவுகட்ட முனைந்த சட்டம் 2003 இலேதான் வந்தது. பெற்றோரும் பாட்டன்மாரும் எதிர்காலத்தைப் பற்றிக் கனவு காண்பதற்கே அனுமதி பெறவேண்டியிருந்த சமூகத்தில், இன்றைய இளைஞன் தானே ஒரு கனவைக் காணத் துணிந்திருக்கின்றான். அக்கனவின் முதல் வரி ‘இங்கிருந்து போய்விட வேண்டும்’ என்பதாயின், வெட்கப்படவேண்டியவன் அவனல்லன்.

குடியுரிமை கிடைத்தது, குடியிருக்க நிலம் கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயன் அறை, அதில் வாழ்வோருக்கு உரியதன்று. பெரும்பாலான தோட்டங்களில் வீட்டுக்கென ஓர் இலக்கமோ வீதிப் பெயரோ இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே கைக்கு வந்து சேரும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள்கடந்து வந்த கதைகள் மலையகமெங்கும் வழங்குகின்றன. முகவரியே பிறர் கையிலுள்ளபோது எதிர்காலம் எவர் கையில் இருக்கும்? ஆபத்தான சரிவென அறிந்திருந்தும் மாற்றுக் காணியின்றி மக்கள் வாழ்ந்த லயன்களை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் மண் மூடியது. அந்த மண்ணைப் பிரிய மனம் வரலாமா என்று கேட்போர், அந்த மண் எவருக்குச் சொந்தமென்பதையும் சேர்த்துக் கேட்பாராக.

இனிப் பண்பாட்டுக்கு வருவோம். காமன் பண்டிகையில் ஒலிக்கும் அதே தப்புத்தான் ஒருகாலத்தில் விடியலுக்கு முன் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு விரட்டியது. அக்கருவியை ஒரு சாதியின் தோளிலே மாட்டி, அடிப்பவனை இழித்துப் பேசிய சமூகம், இன்று அவன் மகன் அதைத் தொட மறுக்கும்போது மரபு அழிகின்றதெனக் கண்ணீர் வடிக்கின்றது. மறுப்பது மரபையன்று, இழிவை. கலை வாழவேண்டுமாயின் இழிவு முதலில் ஒழியவேண்டும்.

மலையகப் பண்பாடு என்றும் அசைவற்றிருந்ததுமில்லை. மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கி மேடைகளிற் பாடியபோது, நாட்டார் மரபு போராட்டக் கருவியாயிற்று. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியை 2023 இல் மீள நடந்தவர்கள், இருநூறாண்டுத் துயரை உரிமைக் கோரிக்கையாக மாற்றினர். தேவைக்கேற்ப உருமாறுவதே உயிருள்ள பண்பாடு. மாறாதிருக்குமாறு அதனைக் கேட்பது நூதனசாலைக்குரிய விருப்பம்.

வெளியேறியவன் மறந்துவிட்டான் என்பதும் பொய். 2018 ஒக்டோபரில், தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டுக் காலிமுகத்திடலிலே கறுப்புச் சட்டையுடன் திரண்டோர் யாவர்? கடைகளிலும் உணவகங்களிலும் வேலைசெய்த மலையக இளைஞர்களே அவர்களுட் பலர். அவர்கள் கேட்டது தமக்கன்று. கொழுந்து பறிக்கும் தாய்க்கு. அவ்வாயிரம் ரூபாவைச் சம்பளச் சபை 2021 இலேதான் நிர்ணயித்தது.

ஆயினும் இளைஞரின் எதிர்கால நோக்கிலும் ஒரு குறை உண்டு. அதனை மூடிமறைத்தல் நேர்மையன்று. வெளியேற்றம் பெரும்பாலும் தனிமனித மீட்சியாகவே கற்பனை செய்யப்படுகின்றது. ஒருவன் படித்து ஆசிரியனாகிறான். நகரத்தில் வாடகை வீடெடுக்கிறான். பிறந்த தோட்டத்தின் பெயரை நாவிலிருந்து அகற்றுகிறான். ‘தோட்டக்காட்டான்’ என்ற வசையைச் சக தமிழரே வீசும் சூழலில் அம்மறைப்பு விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆனால் ஒவ்வொருவரும் ஏறியபின் ஏணியை இழுத்துக்கொண்டால், கீழே லயன் அப்படியே நிற்கும். ஆடைத் தொழிற்சாலைக்கும் மத்திய கிழக்கு வீடுகளுக்கும் செல்லும் பெண்ணுக்கோ அந்த ஏணியும் கிட்டுவதில்லை. ஒரு கூலியிலிருந்து வேறொரு கூலிக்கு மாறுவதே அவளுக்கு எதிர்காலமெனக் காட்டப்படுகின்றது.

எனவே ‘போவதா, இருப்பதா’ என்பது பொய்யான வினா. இருப்பதற்கு உரிமையுள்ளவனே சுதந்திரமாகப் போகவும் முடியும். ஏனையோரின் போக்கு வெறும் துரத்தலே. தன் பெயரில் உறுதியுள்ள காணி, இலக்கமுள்ள வீடு, தபாற்காரன் நேரே வந்து நிற்கும் வாசல்: இவை வாய்த்தபின் மலையக இளைஞன் கூத்தாடுவானோ கணினி கற்பானோ, அன்றி இரண்டையும் செய்வானோ, அது அவன் விருப்பம். அதுவரை பல்கலைக்கழகத்தினர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒலிப்பதிவுக் கருவியுடன் லயன் வாசலில் அழிந்துவரும் கலைகளைத் தேடுவோர், அவ்வாசலின் உரிமைப் பத்திரம் எங்கேயென்றும் கேட்டு எழுதட்டும்.