கருகல் மணம் எங்கிருந்து வருகிறது?

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் இப்போது மின்கார்கள் ஓடுகின்றன. பத்து வருடத்துக்கு முன், வரி குறைந்திருந்த காலத்தில், ஜப்பானில் பாவித்த நிசான் லீவ் கார்கள் இலங்கைக்கு வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காகக் காத்துக் கிடந்தவர்கள் அந்தப் பழைய லீவ்களை ஏக்கத்தோடு பார்த்தார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்தது. சீனத்து பிவைடி கார்களும் இப்போது பண்ணைப் பாலம் தாண்டி வருகின்றன.

இந்தக் கார்க்காரரின் பெரிய பயம் ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது கருகல் மணம் வந்தால், எரிவது பற்றறியோ?

ஒரு ஞாயிறு பின்னேரம் சாட்டிக் கடற்கரையில் இதை நேரில் பார்த்தேன். ஒரு மின்கார் வந்து நின்றதும் அதிலிருந்த குடும்பம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தூரமாய் ஓடியது. முதலில் ஆட்களை இறக்கியது மிகச் சரியான காரியம். சவுக்கு நிழலில் நின்ற ஓட்டோக்காரர் ஒருவர், புகை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, காரைச் சுற்றி வந்தார். "தம்பி, இந்தப் பின்சில்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுவந்து பாருங்கோ. தொட்டிடாதேங்கோ" என்றார். நாலு சில்லில் அந்த ஒன்றில் மட்டும் வெக்கை அடித்தது. பிறேக் இறுகியிருந்தது.

மின்காரில் இது நடப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்து, அந்தச் சக்தியைப் பற்றறிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பிறேக் கட்டைகளுக்கு வேலை குறைவு. வேலையில்லாத இரும்பை உப்புக் காற்று விட்டு வைக்காது. தட்டில் துரு ஏறும். கட்டையைப் பிடித்திருக்கும் ஊசிகள் இறுகும். காலை எடுத்த பிறகும் கட்டை தட்டை உரசிக்கொண்டே வரும். கொழும்பில் வருடத்துக்கு ஒருமுறை பிறேக்கைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசினால் போதும் என்று சொல்வார்கள். சாட்டியிலும் ஊர்காவற்துறையிலும் ஓடும் காருக்கு அது போதாது. மாரிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை செய்யவேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது பிறேக்குக்கு அல்ல, வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்குக்கு.

கேத்திலும் ஸ்திரிக்கைப் பெட்டியும் சில நிமிடம் மின்சாரம் இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். கார் அப்படியல்ல. 24 கிலோவாற்று மணி கொண்ட பழைய லீவ் பற்றறியை 10 அம்பியரில் வெறுமையிலிருந்து நிரப்பப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். இரவு முழுவதும் ஒரே சீராக இழுக்கும். பிளக்கின் உள்ளே ஒரு திருகாணி தளர்ந்திருந்தால், செப்பில் பச்சை பூத்திருந்தால், அந்த இடத்தில் தடை கூடும். அரை ஓம் தடை போதும். 10 அம்பியர் ஓடும்போது அந்தச் சின்ன இடத்தில் 50 வாற்று வெப்பம் பிறக்கும். ஈயம் பற்றவைக்கும் கோலைச் சுவருக்குள் செருகி வைத்துவிட்டு நித்திரைக்குப் போவது போன்றது இது.

இதைப் பியூஸ் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தடுக்காது. பியூஸ் அறிவது மின்னோட்டம் மிஞ்சுவதை. இங்கே அது மிஞ்சுவதேயில்லை. ட்ரிப் சுவிச் அறிவது மின்கசிவை. இங்கே கசிவும் இல்லை. ஆகவே அந்த நேரத்தில் காவல் நம் மூக்குத்தான். சூடேறும் பிளக் பிளாஸ்ரிக் பல வேளை மீன் வெடில் போலவோ மூத்திர நெடி போலவோதான் மணக்கும். மீன்பிடிக் கரையில் மீன் வெடிலை யார் கவனிப்பார்கள்? அதனால் நம் ஊரில் மணத்தை மட்டும் நம்பமுடியாது. சார்ஜில் போட்டு அரை மணித்தியாலம் கழித்துப் பிளக்கின் மேல் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடென்றால் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். பிளக் பழுப்பேறியிருந்தால் மாற்றியே ஆகவேண்டும். மல்ரி பிளக்கில் காரைச் செருகவே கூடாது.

மழைக்காலத்தில் கண்ணாடிப் புகாரை நீக்க ஹீற்றர் போட்டதும் வரும் தூசு கருகும் மணம் சற்றைக்குள் போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பற்றறியின் மணம் வேறு. தின்னர் போல, நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல, சற்றே இனிப்பான நெடி. கூடவே சீறல், வெடிச்சத்தம், வெண்புகை. இதில் எதைக் கண்டாலும் காரணம் தேடக்கூடாது. பொனற்றைத் திறக்கக்கூடாது, செம்மஞ்சள் நிற வயர்களில் கை படக்கூடாது, லீவில் அவை சுமார் 360 வோல்ற்று சுமப்பவை. காற்று வரும் பக்கமாக எல்லோரும் விலக வேண்டும். அந்தப் புகை நஞ்சு. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜில் இருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் இறந்தார்கள். அவர்களின் உயிரைப் பறித்தது புகைதான். அந்த வருடத் தீவிபத்துகளுக்குப் பிறகுதான் இந்தியா பற்றறிச் சோதனை விதிகளை இறுக்கியது.

தீவுக்காரர் அறியவேண்டிய இன்னொன்று கடல்நீர். 2022இல் இயன் சூறாவளிக்குப் பின் புளோரிடாவில், உப்புநீரில் மூழ்கிய மின்கார்கள் வெள்ளம் வடிந்த பிறகு தீப்பிடித்தன. புயலில் கடல் ஏறி நனைந்த காரை வீட்டோடு ஒட்டி நிறுத்தாதீர்கள், சார்ஜிலும் போடாதீர்கள்.

வேலணையில் கார் எரிந்தால் யாழ்ப்பாண மாநகரசபையின் தீயணைப்பு வண்டி பண்ணைப் பாலம் கடந்து வரவேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது முன்கவனம் மட்டுமே. எனவே இரண்டு வேண்டுகோள். மின்கார் வாங்குகிறவர்கள், கார் வாசலுக்கு வருமுன்னரே ஒரு நல்ல வயரிங்காரரைக் கூப்பிட்டு, போர்டிலிருந்து காருக்கென்று தடித்த வயரில் தனி லைன் இழுப்பியுங்கள். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்துறை கராஜ்களில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி உயர் மின்னழுத்த வேலையைப் பின்னேர வகுப்பாகவேனும் கற்பிக்க வேண்டும்.