இரத்தச் சோதனையும் நம் நிம்மதியும்



தலைமன்னாரிலிருந்து பஸ் ஏறி மன்னாருக்குப் போய், காசு கொடுத்து இரத்தம் சோதித்து, "எதிர்ப்புச் சக்தி நிறைய இருக்கிறதாம், இனிக் கொவிட் வராது" என்று ஒருவர் நிம்மதியாகத் திரும்புகிறார் என வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிம்மதி சரிதானா?

கிருமி உள்ளே புகுந்தால், அதைப் பற்றிப்பிடிக்க நம் உடல் ஒருவகைப் புரதத்தை உண்டாக்குகிறது. அதுதான் பிறபொருளெதிரி. நோய் வந்தாலும் உண்டாகும், தடுப்பூசி போட்டாலும் உண்டாகும். அது இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதையே இச்சோதனை காட்டுகிறது. இப்போது நோய் இருக்கிறதா என்று அறிய மூக்கில் எடுக்கும் சோதனைதான் வேண்டும்.

ஊர் நிலையை அறிய இது பெரிதும் உதவியது. இந்தியாவில் 2020 மே, ஜூனில் நடந்த தேசிய ஆய்வில் வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட பிறபொருளெதிரி இருக்கவில்லை. 2021 ஜூன், ஜூலையில் 6 வயதுக்கு மேற்பட்டோரில் 67.6 சதவீதத்தினருக்கு இருந்தது. நம் நாட்டிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தார் 2021இல் ஆராய்ந்தார்கள். சினோபார்ம் ஊசி இரண்டும் போட்டவர்களில் 95 சதவீதமானோருக்குப் பிறபொருளெதிரி உண்டாகியிருந்தது. வயதானவர்களிடம் அது சற்றுக் குறைவாகவே காணப்பட்டது.

ஆனால் தனி ஒருவருக்கு அந்த எண் உத்தரவாதம் ஆகாது. ஏன் தெரியுமா? மாதங்கள் போகப் போக அந்த அளவு இறங்கும். கிருமியும் உருமாறும். 2021 இறுதியில் பரவிய ஒமிக்ரோன், ஊசி போட்டவர்களையும் முன்பு நோய் கண்டவர்களையும் தொற்றியது. இவ்வளவு இருந்தால் போதும் என்று எல்லோருக்கும் பொதுவான அளவு எதுவும் வகுக்கப்படவில்லை.

எண் குறைந்தவர்களும் கலங்க வேண்டாம். பழைய கிருமியை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் உடலில் உண்டு. இச்சோதனை அவற்றை அளப்பதில்லை. நோய் கடுமையாகாமல் காப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. மேலும், சில சோதனைகள் நோயால் வந்த பிறபொருளெதிரியை மட்டுமே தேடும். கோவிஷீல்ட் ஊசி மட்டும் போட்டவருக்கு அதில் "இல்லை" என்றே வரும். அதனால் ஊசி பலிக்கவில்லை என்று அர்த்தமல்ல.

ஆகவே சகோதரிகளே, தாளில் உள்ள எண்ணை நம்பி, தடிமன் காய்ச்சலோடு வயதான உம்மம்மாவின் பக்கத்தில் போய் உட்காராதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முகக்கவசம் அணியுங்கள். அவருக்கு மறுபடி ஊசி வேண்டுமா என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். நீரிழிவோ, நெஞ்சு நோயோ இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவர் தீர்மானிப்பதற்கு அந்த விவரம்தான் முக்கியம்.