புகைக்கு அளவு உண்டு, பிரேக்குக்கு?

ஆகஸ்ட் திருவிழாவுக்குத் தலவில அன்னம்மாள் ஆலயத்தை நாடி மோட்டார் சைக்கிள்கள் அணியணியாக வருகின்றன. அவற்றின் பிரேக் பிடிக்குமா என்று அரசு பார்த்ததுண்டா?

2008 இல் இலங்கையில் ஆரம்பமான புகைப் பரிசோதனையில் தேறாத பெற்றோல் மோட்டார் சைக்கிளுக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. இவ்விதியை வரவேற்கிறோம். ஆயின், அங்கே அளக்கப்படுவன காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனுமே. பிரேக்கின் வலுவோ விளக்கின் ஒளியோ அச்சான்றிதழைத் தீர்மானிப்பதில்லை.

பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கும் அரசு, கற்பிட்டிக் கமக்காரன் வெங்காய மூட்டை ஏற்றும் வண்டியை மறந்ததேன்? புதுக் கட்டணம் வேண்டாம். புதிய அலைச்சலும் வேண்டாம். அதே நிலையத்திலேயே பிரேக்கையும் விளக்கையும் பார்க்கட்டும் என்கிறோம். காற்றைக் காக்கும் சட்டம், அக்காற்றைச் சுவாசிப்பவனையும் காக்கட்டும்!