பொங்கல் சீரும் குச்சனூர்த் தீபமும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் யாத்திரைப் பேச்சும் உடன் பிறந்துவிடும். திருவரங்கமா, சபரிமலையா, சிதம்பரத்து ஆருத்ரா தரிசனமா என்று ஆளுக்கொரு தலத்தைச் சொல்வோம். சென்ற மார்கழியின் இறுதியில் அடியேன் குடும்பத்துடன் சென்ற யாத்திரையோ எந்தப் பஞ்சாங்கத்திலும் குறிக்கப்படாதது. தேனி மாவட்டத்து மார்க்கையன்கோட்டையில், எண்பத்தெட்டு வயதான என் அத்தையின் வீட்டு வாசலே எங்கள் முதல் சந்நிதி.

அத்தை என் தந்தையாரின் ஒரே தங்கை. இளமையிலேயே கணவரை இழந்தவர். ஆண்டுதோறும் மார்கழிக் கடைசியில் அண்ணன் வீட்டிலிருந்து பொங்கல் சீர் தவறாமல் சென்றுகொண்டிருந்தது. பாட்டனாரின் நிலத்தை விற்ற ஆண்டில், "என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்றார் அத்தை. "கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று" என்றார் தந்தையார். இரண்டே வாக்கியங்கள்தாம். அவ்வாண்டு சீர் போகவில்லை. மறு ஆண்டும் போகவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. இடையில் தந்தையார் சிவபதம் அடைந்தார். அன்று அத்தை வந்தார், அண்ணனின் காலடியில் அமர்ந்து அழுதார், எங்கள் வீட்டில் தண்ணீர்கூட அருந்தாமல் புறப்பட்டுவிட்டார். அதன் பின்னும் ஒன்பது ஆண்டுகள் நான் வாளாவிருந்தேன். பெரியவர்களின் பிணக்கில் நமக்கென்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கும் எழுபது நிறைந்துவிட்டது என்பதை மறந்தேன்.

போகி நெருங்குகையில் பரணைத் தூய்மை செய்த என் மனைவி, தந்தையாரின் பழைய கணக்கு நோட்டை எடுத்து வந்து என் முன் வைத்தாள். ஒவ்வொரு மார்கழியிலும் "தங்கைக்குச் சீர்" என்று அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. ஓர் ஆண்டோடு அந்த வரி நின்றுபோயிருந்தது. "மீதிக் கணக்கை யார் எழுதுவது?" என்று மட்டும் கேட்டாள். அந்த வார வெள்ளிக்கிழமையே புறப்பட்டுவிட்டோம்.

வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, நெய், மஞ்சள் கொத்து, அத்தைக்கும் அவருடைய மருமகளுக்கும் சேலைகள் என எல்லாம் வண்டியில் ஏறின. கரும்புக் கட்டு வண்டியின் மேல் ஏறியது. தஞ்சையிலிருந்து விடியுமுன் கிளம்பி, திருச்சி, திண்டுக்கல் வழியாக வத்தலக்குண்டை அடைந்தபோது பனி விலகத் தொடங்கியிருந்தது. வழிநெடுக வாசல்களில் கோலமும் பூசணிப்பூவும், கோயில் ஒலிபெருக்கிகளில் திருப்பாவையும் எங்களை வரவேற்றன.

தேவதானப்பட்டியில் மூங்கிலணை காமாட்சியம்மனைத் தரிசித்தோம். இத்தலத்தில் கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. மூடிய கதவுக்கே மாலையும் தீபாராதனையும். "கதவைத் திறக்காமலே சாமி நம்மைப் பார்க்குமா, தாத்தா?" என்றான் பேரன். "பார்ப்பாள். தாயாயிற்றே" என்றேன். ஆனால், மனிதர்கள் மூடிக்கொண்ட கதவு அப்படிப்பட்டதன்று, நாம்தான் சென்று தட்ட வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து என்னை விடவில்லை.

பெரியகுளம், தேனி கடந்து தெற்கே திரும்பியதும் கம்பம் பள்ளத்தாக்கு கண்முன் விரிந்தது. மேற்கே மலைத்தொடர், கிழக்கேயும் மலை, நடுவே பச்சைப் பாய் விரித்தாற்போல் வயல்கள். இருமுடி தாங்கிய ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் குமுளியை நோக்கி வரிசையாகச் சென்றுகொண்டிருந்தன. முல்லையாற்றின் கரையில் வீரபாண்டி கௌமாரியம்மனை வணங்கிச் சின்னமனூர் சேர்ந்தோம்.

சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரர் ஆலயம் அவசியம் தரிசிக்க வேண்டியது. வளர்ந்துகொண்டே சென்ற இறைவனை அரசன் அன்பு மேலிட்டுத் தழுவிக்கொள்ள, ஈசன் அவனுக்கேற்ற அளவில் தம்மைக் குறைத்துக்கொண்டார் என்கிறது தலபுராணம். ஆகவே அவருக்கு 'அளவுக்கு அளவானவர்' என்று திருநாமம். பத்தாம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் இராசசிம்மனின் சின்னமனூர்ச் செப்பேடுகள் இவ்வூரின் பெருமையை நாடறியச் செய்தவை. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் அவை குறிப்பிடுகின்றன. அத்தனை பெரிய இறைவனே அன்புக்காகக் குறைந்து நின்றாரே, நாங்கள் இருபத்தாறு ஆண்டுகள் ஓர் அங்குலமும் குறையாமல் நின்றோமே என்று அச்சந்நிதியில் மனம் நொந்தேன்.

மார்க்கையன்கோட்டைக்கு மிக அருகில்தான் குச்சனூர் சுயம்பு சனீசுவர பகவான் ஆலயம். "சனி பகவானைத் தரிசித்துவிட்டுச் சீர்த்தட்டோடு ஒரு வீட்டுக்குள் நுழையலாமா?" என்று மனைவிக்கு ஐயம். ஆகையால் அத்தை வீட்டுக்கே முதலில் சென்றோம்.

திண்ணையில் அமர்ந்திருந்த அத்தை, கண்களை இடுக்கிப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் கையூன்றி எழுந்தார். "வாய்யா மருமகனே. மொதல்ல காலைக் கழுவிட்டு உள்ளே வாங்க" என்றார். அவ்வளவே. சீர்த்தட்டுகளைக் கூடத்தில் வரிசையாக வைத்தோம். நெடுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர், "யார் பேர்ல கொண்டாந்திருக்கே?" என்று கேட்டார்.

"அப்பா பேர்லதான், அத்தே."

பானையின் விளிம்பை விரலால் தடவினார். "வாங்கிக்கிறேன். ஆனா, எங்கண்ணன் கையால வாங்கியிருக்கணும்யா" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. "நான் வாராவாரம் போறதுதான். நீங்களும் வாங்க" என்று அத்தையே எங்களைக் குச்சனூருக்கு அழைத்துச் சென்றார். சனீசுவரன் கோயில் பற்றிய மனைவியின் ஐயத்தைக் கேட்டுச் சிரித்தார். "எங்களுக்கு அவரு பக்கத்து ஊருச் சாமி. பயந்தா முடியுமா?"

சுரபி நதிக்கரையில் அமைந்த இத்தலத்தின் வரலாற்றை அன்பர்கள் அறிந்திருக்கலாம். தினகரன் என்ற அரசனுக்குச் சந்திரவதனன் என்றொரு வளர்ப்பு மகன். அதன்பின் சொந்த மகன் பிறந்தும், அறிவிற் சிறந்த சந்திரவதனனுக்கே முடிசூட்டினான் அரசன். சனி தோஷத்தால் தந்தை துன்புறுவதைக் கண்ட சந்திரவதனன் இந்நதிக்கரைக்கு வந்து, இரும்பினால் சனீசுவரர் திருவுருவம் அமைத்து வழிபட்டான். "ஆதரவற்ற என்னை எடுத்து வளர்த்தவர் படும் துன்பத்தை எனக்குத் தந்தருள வேண்டும்" என்பதே அவன் வேண்டுதல். மனம் கனிந்த பகவான் ஏழரை நாழிகை மட்டும் அவனைப் பற்றி விலகினார் என்பது தலபுராணம். ஏழரை நாழிகை என்பது நம் கடிகாரக் கணக்கில் மூன்று மணி நேரம். பகவான் சுயம்புவாக எழுந்தருளிய இடத்தில் குச்சுப் புல்லால் கூரை வேய்ந்து வழிபட்டதால் குச்சனூர் என்ற பெயர் வந்ததாம். ஆடிச் சனிக்கிழமைகளில் இங்கு நடைபெறும் பெருந்திருவிழா புகழ்பெற்றது.

எள் தீபம் ஏற்றிச் சந்நிதிக்கு வந்தோம். அர்ச்சகர் அத்தையைக் கண்டதும், "வழக்கமான பேருக்குத்தானேம்மா?" என்று கேட்டுவிட்டு, அவர் தலையசைக்குமுன் சங்கல்பத்தைத் தொடங்கினார். என் பெயர். என் நட்சத்திரம். என் ராசி.

திகைத்து அத்தையைப் பார்த்தேன். "உங்கப்பாவுக்கு ஏழரை நடக்குதுன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. அண்ணன் இருந்தவரைக்கும் அவர் பேருக்கு. அவருக்கப்புறம் மூத்தவன் நீதானே? உன் பேருக்கு" என்றார், ஏதோ கறிவேப்பிலை வாங்கிய கணக்கைச் சொல்வதுபோல.

ஏழரைக்குப் பரிகாரம் தேடித் தந்தையார் திருநள்ளாற்றுக்குச் சென்று வந்ததை நான் அறிவேன். அவர் பெயருக்கு வாரந்தோறும் இங்கே ஒரு தீபம் எரிந்ததை அவர் அறியாமலே போய்விட்டார். சனி பகவான் பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவர ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பிணக்கு 26 ஆண்டுகள். அதைக் கிரகத்தின் மேல் ஏற்றிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் பிடித்தது ஏழரை என்றால், மீதியைப் பிடித்துக்கொண்டது நாங்களேயன்றோ!

ஞாயிறன்று அத்தையின் பேரன் எங்களைச் சுருளித் தீர்த்தத்துக்கு அழைத்துச் சென்றான். ஆடி, தை அமாவாசைகளில் முன்னோர் கடன் செய்யத் திரளாக மக்கள் கூடும் இடம் அது. அங்கே நீராடித் தந்தையாரை நினைந்து வணங்கினேன். அங்கிருந்து கூடலூர் கடந்து லோயர்கேம்ப். 1895-ஆம் ஆண்டு பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே கடலுக்குச் சென்ற நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுக்கின் மணிமண்டபம் அங்கே 2013-இல் திறக்கப்பட்டது. இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைவது அந்த நீரால்தான். அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ஆம் தேதி, தைப்பொங்கலை ஒட்டி வருவதால், ஊரார் அவருக்கும் சேர்த்தே பொங்கல் வைக்கின்றனர். பலர் தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியுள்ளனர். தண்ணீர் தந்தவரை, அயல்நாட்டவராயினும், நூறாண்டு கடந்தும் மறவாத மண் அது. அந்த மண்ணில் வாழ்க்கைப்பட்ட அத்தை பிறந்த வீட்டை மறக்கவில்லை என்பதில் வியப்பென்ன?

விடைபெறும் வேளையில் அத்தை எங்கள் வண்டியை நிறைத்துவிட்டார். புது அரிசி, தேங்காய், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை ஒரு கூடை. நமஸ்கரித்தோம். திருநீறு இட்டுவிட்டு, "வர்ற வருஷம் நான் இருந்தா எனக்குக் கொண்டா. இல்லாட்டி என் மருமகளுக்குக் கொண்டா. விட்டுடாதே" என்றார். வீடு திரும்பியதும் அந்தப் பழைய நோட்டில் நின்றுபோன வரிக்குக் கீழே, "தங்கைக்குச் சீர்" என்று எழுதினேன். தங்கை என்ற சொல்லை மாற்ற மனம் வரவில்லை.

அன்பர்களே, பரிகாரத் தலங்களுக்குச் செல்லுங்கள். எள் தீபம் ஏற்றுங்கள், காக்கைக்கு அன்னமிடுங்கள். கூடவே, எந்த உறவினரின் வாசலை மிதித்து நெடுநாளாயிற்று என்றும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மூட்டு வலி இருக்கும், மழைக்கோட்டும் மாத்திரைப் பையும் சுமக்க வேண்டியிருக்கும். நம் வயதுக்கு வழியில் இருமுறை இறங்கி இளைப்பாறவும் வேண்டும். பேரப்பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். உறவு முறைகளை அவர்களும் கற்றுக்கொள்வார்கள். யார் கண்டார்கள், அந்த வீட்டிலும் ஒருவர் உங்கள் நட்சத்திரத்தைச் சொல்லி வாரந்தோறும் விளக்கேற்றிக்கொண்டிருக்கலாம். அவருடைய கையால் நாம் திருநீறு பெற்றுக்கொள்ள, எல்லாம் வல்ல இறைவன் நமக்கும் அவருக்கும் ஆயுளைத் தந்தருள்வானாக!