‘சுத்தமாகிவிட்டானா?’ என்பது மருத்துவக் கேள்வியா, தீட்டுக் கேள்வியா?

ஒரு போதை மறுவாழ்வு மையம் தன் வெற்றி 70 விழுக்காடு என்று சொன்னால், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: யாரில் 70?

உதாரணத்துக்கு 100 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 பேர் மட்டுமே கடைசி நாள்வரை இருக்கிறார்கள். அவர்களில் 21 பேர் வீட்டுக்குப் போகும் அன்று போதையில் இல்லை. முப்பதில் இருபத்தொன்று, ஆக 70 விழுக்காடு! பாதியில் போன எழுபது பேர் எங்கே? ‘ஒத்துழைக்காதவர்கள்’ என்று அவர்களைக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டார்கள். நேர்மையாக எண்ணினால் வெற்றி 21 விழுக்காடு. ஆறு மாதம் கழித்துத் தேடிப்போய் எண்ணினால் அதுவும் மாறும்.

பாதியில் போவது யார்? ஹெராயின், டேபென்டடால் போன்ற ஓபியாய்டு போதைக்கு மாற்றாக, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் புப்ரெனார்பின் மாத்திரை தரப்படுகிறது. பொதுவாகத் தினமும் மையத்துக்கு நேரில் போய், ஊழியரின் கண்முன்னே நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் ஒப்பந்தக் கூலியாக ஷிப்டு பார்க்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வடசென்னைக்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரி என்றால் ஸ்டான்லிதான். காட்டுப்பள்ளியிலிருந்து அது 20 கிலோமீட்டருக்கும் மேல். கண்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் சாலையில் தினமும் அவ்வளவு தூரம் போய் வந்தால் கூலி போகும், பிறகு வேலையே போகும். அவர் நான்காம் நாள் வரவில்லை என்றால், தோற்றது அவரா, அவர் ஷிப்டு நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் மையமா? பதிவேட்டில் அது நோயாளியின் தோல்வியாகத்தான் ஏறுகிறது. சேரி, குப்பம் என்று நம் மக்கள் வாழும் இடங்களைப் பார்த்ததுமே ‘இவனுங்க திருந்த மாட்டானுங்க’ என்று சொல்லும் பொதுப்புத்திக்கு இந்தப் பதிவேடு சாட்சியாகிவிடுகிறது.

அடுத்தது அந்தச் சொல்: சுத்தம். ‘சுத்தமாகிவிட்டானா?’ என்பதுதான் உறவினர் முதல் காவலர்வரை எல்லோரும் கேட்பது. புப்ரெனார்பின் எடுத்துக்கொண்டு ஊசியை விட்டு, வேலைக்குப் போய், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவரையும் ‘ஒரு போதைக்கு இன்னொரு போதை’ என்று ஒதுக்குகிறார்கள். துளி பட்டாலும் தீட்டு என்பது எந்தச் சிந்தனை என்று இந்தத் தளத்தை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தியதும் சர்க்கரை ஏறினால், இன்சுலின் தோற்றுவிட்டது என்றா சொல்கிறோம்? தொடர்ந்து கொடுங்கள் என்கிறோம். மெத்தடோன், புப்ரெனார்பின் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இந்தச் ‘சுத்த’ அளவுகோல் உயிரைக் குடிக்கும். போதையை நிறுத்திச் சில வாரங்களானால், பழைய அளவைத் தாங்கும் சக்தியை உடல் இழந்துவிடும். அதே அளவை மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கட்டுரையின்படி, மெத்தடோன் சிகிச்சையில் இருந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சுமார் 11 பேர் இறந்தார்கள். சிகிச்சையை விட்டு வெளியே இருந்தவர்களில் 36 பேர். மூன்று மடங்குக்கும் மேல். சிகிச்சையை விட்ட முதல் நான்கு வாரங்களில் ஆபத்து மிக அதிகம்.

திருவொற்றியூரில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஒரு தனியார் மையத்தில் மூன்று மாதம் இருந்தான். மருந்து எதுவும் தரவில்லை, பிரார்த்தனையும் அடியும்தான். வெளியே வந்த மூன்றாவது வாரம் இறந்துபோனான். ‘சிகிச்சையை வெற்றிகரமாக முடித்தார்’ என்ற சான்றிதழ் இன்னும் அவன் அம்மாவிடம் இருக்கிறது. அந்த மையத்தின் கணக்கில் அவன் ஒரு வெற்றி.

அரசு எதை எண்ணுகிறது? 2022 ஆகஸ்டில் ‘போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு’ என்று பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். பிடிபட்ட கிலோ, பிடிபட்ட மாத்திரை, கைதானவர்கள் என்று செய்திக்குறிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. கைதுக் கணக்கு ஏற வேண்டுமென்றால் போலீஸ் முதலில் எந்தத் தெருவுக்குள் நுழையும் என்று வடசென்னையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். தானாக முன்வந்து சிகிச்சைக்குச் செல்பவருக்கு வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவு 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பிரிவால் எத்தனை பேர் காப்பாற்றப்பட்டார்கள் என்று எந்தச் செய்திக்குறிப்பாவது பெருமையடித்து நாம் பார்த்திருக்கிறோமா?

ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் எடுத்து 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, ஓபியாய்டு பயன்பாட்டால் உதவி தேவைப்படுவோர் நாடு முழுக்கச் சுமார் 77 லட்சம் பேர். இத்தனை பேருக்கான சிகிச்சையை வெறும் சான்றிதழைக் கொண்டு அளக்க முடியாது. சேர்ந்தவர்கள் அத்தனை பேரையும் வகுக்கும் எண்ணாக வையுங்கள். ஆறு மாதம், ஓராண்டு கழித்து எத்தனை பேர் சிகிச்சையில் தொடர்கிறார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், ஊசி போடும் நாட்கள் குறைந்தனவா, வேலை கிடைத்ததா என்று எண்ணுங்கள். விட்டுப்போனவர்களைச் சாதிவாரியாக, தொழில்வாரியாக, ஊர்வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள். சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்கும் நாம் இதையும் கேட்க வேண்டும். எண்ணப்படாதவர்களுக்கு எதுவும் ஒதுக்கப்படுவதில்லை.

2025-ல் தமிழ்நாடு அரசு 25 இடங்களில் ‘கலங்கரை’ மையங்களைத் திறந்தது. அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை என்பது வரவேற்க வேண்டியது. அதனால்தான் கணக்கும் கேட்கிறோம். தோழர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடப் பத்து ரூபாய்தான் ஆகும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், மாலை ஆறு மணிக்குப் பிறகு மருந்து கிடைக்குமா? இந்த நான்கு கேள்விகளை உங்கள் மாவட்டத்திலிருந்து அனுப்புங்கள். பதில் வந்தால் பொதுவெளியில் வையுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.