டீக்கடை வாசலில் தம் அடிக்கலாமா? பதில் 2008-லேயே வந்துவிட்டது!

சென்னையில் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் சங்கரன்கோவிலில் இறங்குகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். பஸ் ஸ்டாண்டுக்குள் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நாலு எட்டு வெளியே நடந்து, முதல் டீக்கடை வாசலில் நின்று, ஒரு டீ சொல்லிவிட்டுப் பற்ற வைப்பார்கள். "ஏல, இது ரோடுதான? இங்க யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் 'இது ரோடுதான' என்பது தப்பு.

சட்டத்தில் என்ன இருக்கு?

நாடு முழுவதும் அமலில் இருப்பது 2003-ல் வந்த சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம். சுருக்கமாக 'கோட்பா'. பொது இடம் என்றால் எது என்று சொல்லும்போது, திறந்தவெளி அதில் சேராது என்று அந்தச் சட்டம் ஒரு வரி எழுதியது. நம்ம ஆட்களுக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு வரி மட்டும்தான். அதற்குப் பிறகு, 2008 அக்டோபர் 2 முதல் புது விதிகள் அமலுக்கு வந்தன. பஸ் ஸ்டாப், பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், ஸ்டேடியம் எதுவும் திறந்தவெளிக் கணக்கில் வராது என்று அவை சொல்கின்றன. அதைவிட முக்கியம், 'ரெஸ்டாரன்ட்' என்பதற்கு அவை தரும் விளக்கம். சாப்பாடோ குடிப்பதற்கு ஏதாவதோ விற்று, அங்கேயே வைத்துச் சாப்பிடுகிற எந்த இடமும் ரெஸ்டாரன்ட்தான். அதைச் சுற்றியுள்ள திறந்தவெளியும் அதில் சேர்த்தி!

ஆக, டீக்கடைக்குள் மட்டுமல்ல, வாசலில் போட்டிருக்கும் பெஞ்ச்சிலும், தகரக் கூரை நிழலிலும் தம் அடிப்பது குற்றம்தான். 'ஸ்மோக்கிங் ஏரியா'ன்னு ஒதுக்கிக்கலாமே என்றால், அந்தச் சலுகை 30 பேராவது உட்காரக்கூடிய ரெஸ்டாரன்ட், 30 அறைகளாவது உள்ள ஹோட்டல், ஏர்போர்ட் ஆகியவற்றுக்குத்தான். நம்ம டீக்கடை பெஞ்ச்சில் ஆறாவது ஆள் உட்கார்ந்தாலே முதல் ஆள் கீழே விழுந்துடுவார்.

புகைப்பவருக்கு அபராதம் 200 ரூபாய் வரை. இது ஓரளவு தெரிந்த விஷயம். கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் 'இங்கு புகைப்பது குற்றம்' என்று போர்டு வைக்கணும். யாரிடம் புகார் சொல்வது என்ற பெயரும் அதில் இருக்கணும். ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் அங்கே வைத்திருக்கக் கூடாது. புகார் வந்தும் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனைக்கும் சமமான அபராதம் அவர் தலையில் விழும்.

இப்போ உங்க டீக்கடையை நினைத்துப் பாருங்கள். கல்லா பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டர். சில கடைகளில் இன்னும் நுனியில் கனன்றுகொண்டிருக்கும் கயிறு. 18 வயது நிரம்பியவருக்கு, பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்கு (சுமார் 91 மீட்டர்) அப்பால் இருக்கும் கடையில் சிகரெட் விற்கலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. டீ விற்கிற இடத்தில் அதைப் பற்ற வைக்க நெருப்பு கொடுப்பதுதான் பிரச்னை.

200 ரூபாய்தான் காரணமா?

இந்தப் பேச்சு வந்தாலே, அபராதம் ரொம்பக் கம்மி, அதான் யாரும் பயப்படலை என்பார்கள். 2003-ல் வைத்த 200 இன்னும் மாறவில்லை என்பது உண்மைதான். கர்நாடகா தன் மாநிலத்துக்கு மட்டும் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தை 1,000 ரூபாயாகவும் வாங்கும் வயதை 21 ஆகவும் உயர்த்தியது. ஆனால் வசூலிக்க ஆளே வராத இடத்தில் 200 என்ன, 2,000 என்ன? பள்ளியில் தலைமையாசிரியர், ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர், வெளியே எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத போலீசார் என்று அதிகாரம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு தம்முக்காக எஸ்.ஐ. வண்டியை நிறுத்துவாரா?

டீக்கடைக்கு ஏற்கெனவே வந்து போகிற அதிகாரி ஒருத்தர் இருக்கிறார். உணவுப் பாதுகாப்பு அலுவலர். சின்ன டீக்கடைக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். தமிழ்நாட்டில் 2013-லிருந்து குட்காவுக்குத் தடை இருக்கிறது. பாக்கெட் சிக்கினால் கடைக்கு சீல் வைக்கிறார்கள். குட்காவைத் தேடி வருகிறவர் கண்ணில் நூலில் தொங்கும் லைட்டர் படாமலா போகும்? புகைபிடிப்பவரைத் துரத்துவதைவிட அந்த லைட்டரை அவிழ்க்கச் சொல்வது சுலபம் என்பது என் கருத்து.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு. "இங்க பிடிக்காதீங்க அண்ணாச்சி" என்று ஒருத்தர் மட்டும் சொன்னால் கூட்டம் அடுத்த கடைக்குப் போய்விடும். டீயும் தம்மும் சேர்ந்துதான் வியாபாரம். அதனால் ஒரு தெரு என்றால் அந்தத் தெருவின் எல்லாக் கடைகளிலும் ஒரே நாளில் செய்யணும். நகராட்சி நினைத்தால் முடியும்.

இதெல்லாம் யாருக்காக? பாய்லர் பக்கத்தில் அதிகாலையிலிருந்து நிற்கும் டீ மாஸ்டருக்காக. நாம் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறோம். அவர் ஒரு பீடிகூடப் பிடிக்காதவராக இருக்கலாம். நாள் முழுக்க வருகிறவர்கள் விடும் புகை அத்தனையும் அவர் நுரையீரலுக்குள்தான் போகிறது. புகையே பிடிக்காமல், அடுத்தவர் விட்ட புகையால் உலகில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோட்பாவில் இந்தப் பிரிவு இருப்பதே புகைக்காதவர்களைக் காப்பாற்றத்தான்.

பீடி சுற்றும் அம்மாக்கள் என்ன ஆவார்கள்?

நம்ம பக்கம் புகையிலைக்கு எதிராக எதை எழுதினாலும் வருகிற கேள்வி இது. வரவும் வேண்டும். தென்காசி, திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில், மடியில் சுளகை வைத்து ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் சுற்றுகிற பெண்களால்தான் பல வீடுகளில் பிள்ளைகள் காலேஜ் போயிருக்கிறார்கள். டீக்கடை வாசலில் புகை நின்றால் அவர்கள் வேலை போய்விடாது. அவர்களை உண்மையில் பாதித்த முடிவுகள் வேறு இடத்தில் எடுக்கப்பட்டன. 1976 சட்டப்படி பீடி மீது வசூலித்த செஸ் பணத்திலிருந்துதான் அவர்களுக்கான நலநிதி வந்தது. மருத்துவம், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை எல்லாம் அதில்தான். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த செஸ் போய்விட்டது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்று முடிவெடுத்த அதே கூட்டத்தில், பீடிக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைத்தது. தொழிலாளிக்காக என்கிறார்கள். ஆயிரம் பீடிக்கான கூலி ஏறட்டும், நம்புவோம். புகையிலைத் தூள் பறக்கும் அந்த வீட்டுத் திண்ணை, எந்த விதியிலும் 'பொது இடம்' இல்லை.

கடைசியாக ஒன்று, லூஸ் சிகரெட். பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் அடைத்திருக்கிறது, 2016-லிருந்து. புகையிலையை விட நினைப்பவர்கள் அழைப்பதற்கான இலவச எண்ணும் பாக்கெட்டிலேயே உண்டு. ஆனால் டீக்கடையில் ஒன்றே ஒன்று வாங்குகிறவர் கைக்குப் பாக்கெட் வருவதே இல்லை. படமும் தெரியாது, நம்பரும் தெரியாது. சில்லறையாக விற்பதைத் தடுக்கும் யோசனை 2020 வரைவுத் திருத்தத்தில் இருந்தது, அது சட்டமாகவில்லை. அதுவரை, பாக்கெட்டைப் பார்க்காதவர்களுக்காக அந்த நம்பர்: 1800-11-2356.